பிறர் எடுத்த படமும் நம் மானமும்

நாட்டு மானம் என்னும் சொல் நம்மிடையே மூன்று இடங்களில்தான் உரக்க ஒலிக்கின்றது: எல்லையில், கிரிக்கெட் ஆட்டத்தில், அயல்நாட்டார் நம்மைப் பற்றி எடுத்த திரைப்படத்தில். முதலிரண்டைப் பற்றியும் ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. மூன்றாவதைப் பற்றி அந்தந்தப் படம் வெளியாகும்போது மட்டும் பேசுகிறோம். அடுத்த படம் வரும்வரை மறந்துவிடுகிறோம். அதனால் ஒவ்வொரு முறையும் இதுவே முதன்முறை என்பதுபோலக் கொதிக்கிறோம், அல்லது குளிர்ந்துபோகிறோம்.

கொதிப்பும் குளிர்ச்சியும் வேறுவேறல்ல என்பதே இக்கட்டுரையின் கருத்து. படத்தில் நம் குறை காட்டப்பட்டால் ‘உலகின் முன் நம்மை இழிவுபடுத்திவிட்டார்கள்’ என்கிறோம். அதே படத்துக்கு ஆஸ்கார் கிடைத்தால் ‘உலகம் நம்மை ஒப்புக்கொண்டுவிட்டது’ என்கிறோம். இரண்டிலும் நீதிபதியின் நாற்காலி கடலுக்கு அப்பால் இருக்கிறது. அதை அங்கே கொண்டுபோய்ப் போட்டவர்கள் நாம்தாம்.

இதைத் தில்லியிலோ மும்பையிலோ இருந்து பேசுவதைவிட, ஓசூர் கிருஷ்ணகிரிப் பகுதியிலிருந்து பேசுவது பொருத்தமானது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் ஊர் இது. ‘நாம்’, ‘பிறர்’ என்னும் பிரிவினை இங்கே அவ்வளவு எளிதாக நிற்பதில்லை. அயலார் இந்தியாவைப் படம்பிடித்த இடங்கள் சிலவும் இங்கிருந்து ஒருநாள் பயணத் தொலைவில்தான் உள்ளன. மேற்கே சாவனதுர்க்கமும் ராமநகரமும், அதற்கப்பால் மைசூர்க் காடுகளும், தெற்கே சேலமும் இருக்கின்றன.

இருட்டுப்பெட்டியில் பாராமகால்

திரைப்படம் பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்பே இப்பகுதியின் படம் கப்பலேறியது. 1791ஆம் ஆண்டின் போரில் கிருஷ்ணகிரிக் கோட்டையை ஆங்கிலப்படை தாக்கித் தோற்றுத் திரும்பியது. ஆனால் மறு ஆண்டு திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கையால் பாராமகால் முழுவதும் கும்பினியின் கைக்கு வந்தது. அந்த 1792இலேயே தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கில ஓவியர்கள் இவ்வழியே வந்தனர். இருவரும் சிற்றப்பனும் மகனும் முறையினர். ராயக்கோட்டையையும் ஜகதேவியையும் பிற மலைக்கோட்டைகளையும் வரைந்தனர். காட்சியைக் கண்ணாடி வழியே தாளில் விழச்செய்யும் ‘கேமரா அப்ஸ்குரா’ என்னும் இருட்டுப்பெட்டியை அவர்கள் தம்முடன் கொண்டுவந்திருந்தனர். இன்றைய கேமராவின் பாட்டன் அது.

பிறகு இலண்டனில் அச்சேறிய ‘ஓரியண்டல் சீனரி’ தொகுதிகளில் நம் குன்றுகள் இடம்பெற்றன. அழகான படங்கள், ஐயமில்லை. ஆனால் போர் இப்போதுதான் மிதித்துச் சென்ற நிலம் என்பதற்கான தடயத்தை அவற்றில் தேடவேண்டியிருக்கிறது. பாறையும் கோட்டையும் வானமும் ஓங்கி நிற்க, மனிதர் எறும்புகளாக இருக்கின்றனர். அதே ஆண்டுகளில் கர்னல் அலெக்சாண்டர் ரீடும் அவர்கீழ்த் தாமஸ் மன்றோவும் இங்கே ஊர்ஊராக நிலத்தை அளந்தார்கள். பயிர், விலை, சாதி, தொழில் என அனைத்தையும் எழுதிவைத்தார்கள். அவை பின்னர் ‘பாராமகால் ஆவணங்கள்’ என அச்சிடப்பட்டன.

ஓவியர் அழகுக்காகப் பார்த்தார். அதிகாரி வரிக்காகப் பார்த்தார். இருவருமே நமக்காகப் பார்க்கவில்லை. ஆயினும் இம்மாவட்டத்தின் பதினெட்டாம் நூற்றாண்டு வரலாற்றை எழுதப் புகுவோர் இன்றும் அவ்விருவரையும் நாடாமல் இருக்க இயலாது. அயலான் பார்வையைப் பற்றிய முதல் உண்மை இது: அது நமக்காக இல்லை; ஆனால் நமக்குப் பயன்படாமலும் இல்லை.

முதலில் புண்பட்ட மானம் எவருடையது?

அயலார் படத்தால் மானம் புண்படுவது அடிமைப்பட்ட மக்களுக்கே உரிய நோய் என்று சிலர் கருதக்கூடும். வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. இந்தியாவில் இந்தக் கவலையை அரசு அளவில் முதலில் வெளியிட்டவர்கள் ஆட்சியாளர்களே. 1920களில் அமெரிக்கப் படங்கள் இங்கே பெருவாரியாக ஓடின. அவற்றில் வெள்ளைக்காரப் பெண்கள் முத்தமிடுவதையும் வெள்ளைக்கார ஆண்கள் திருடுவதையும் இந்தியர் பார்த்தால் ஆள்வோரின் மதிப்பு என்னாகும் என்று இலண்டன் வரை அச்சம் பரவியது. 1927இல் சென்னை வழக்கறிஞர் திவான்பகதூர் டி. ரங்காச்சாரியாரின் தலைமையில் இந்தியத் திரைப்படக் குழு அமைக்கப்பட்டதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.

குழு நாடெங்கும் சுற்றி 353 பேரிடம் வாக்குமூலம் பெற்றது. தாம் சினிமாவே பார்த்ததில்லை என்று காந்தியடிகள் விடையளித்தார். 1928இல் வந்த அறிக்கை அந்த அச்சத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று கண்டது. மாறாக இந்தியத் திரைத்தொழில் வளர வழிகளைப் பரிந்துரைத்தது. பரிந்துரைகள் தூசி படிந்தன என்பது வேறு கதை. இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பீரங்கியும் கப்பற்படையும் வைத்திருந்த பேரரசே, ஒரு கொட்டகையில் ஓடும் நிழலைக் கண்டு நடுங்கியிருக்கிறது. வலிமைக்கும் இந்த நடுக்கத்துக்கும் தொடர்பில்லை. தன்னைப் பற்றித் தானே சொல்லிவந்த கதையில் ஐயம் உள்ளவர்களுக்கே இந்த நடுக்கம் வரும்.

மைசூர்ச் சிறுவனின் கதை

அதே 1927இல் அமெரிக்க எழுத்தாளர் காதரின் மேயோவின் ‘மதர் இந்தியா’ நூல் வெளிவந்தது. குழந்தை மணம், சுகாதாரக் கேடு, தீண்டாமை ஆகியவற்றைக் காட்டி, இந்தியர் தன்னாட்சிக்குத் தகுதியற்றவர் என்று நிறுவ முயன்ற நூல் அது. நாடே கொந்தளித்தது. மறுப்பு நூல்கள் வரிசையாக வந்தன. காந்தியடிகள் ‘யங் இந்தியா’வில் எழுதிய விமரிசனத்தில் அதைச் சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்றார். இந்தப் பாதியைத்தான் நாம் அனைவரும் மேற்கோள் காட்டுகிறோம். மற்றொரு பாதியும் உண்டு. மேயோ குற்றஞ்சாட்டும் முறையை மறுக்கலாம், ஆனால் அவற்றின் அடியிலுள்ள உண்மையை மறுக்கலாகாது என்றும், இந்தியர் அதைப் படித்துப் பயன்பெற இடமுண்டு என்றும் அதே கட்டுரையில் அவர் எழுதினார். தம் மக்களிடம் இதைச் சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. ஏனெனில் அந்தச் சாக்கடையை அவரே துடைப்பத்தோடு கூட்டிக்கொண்டிருந்தார். குறையைக் களைவதில் ஈடுபட்டவனுக்குக் குறை சொல்பவனைக் கண்டு பதற்றம் வருவதில்லை.

இதற்குச் சில ஆண்டுகள் கழித்து, மைசூர் மன்னரின் யானைக்கொட்டடியில் பாகன் மகனாக இருந்த ஒரு சிறுவனை ராபர்ட் பிளாஹர்ட்டியின் படக்குழு கண்டெடுத்தது. சாபு என்று உலகம் அறிந்த அவன் நடித்த ‘எலிபன்ட் பாய்’ 1937இல் வெளிவந்தது. கிப்ளிங்கின் கதை; கபினிக் கரையிலிருந்த காராப்பூர்க் காடு; பிளாஹர்ட்டியும் சோல்டான் கோர்டாவும் இயக்குநர்கள். வெனிஸ் விழாவில் இயக்கத்துக்கான பரிசு கிடைத்தது. அப்படத்தை எதிர்த்து இங்கே கிளர்ச்சி எழவில்லை.

மறு ஆண்டே அதே சிறுவனை அதே கோர்டாக்கள் ‘தி டிரம்’ படத்தில் இளவரசன் ஆக்கினார்கள். வடமேற்கு எல்லைப்புறத்தில் ஆங்கிலேயருக்கு உண்மையாக இருப்பவன் நல்லவன், எதிர்ப்பவன் கொடியவன் என்னும் கணக்கு. இந்தியக் காட்சிகளில் பலவற்றுக்கு வேல்ஸ் நாட்டு மலைகள் வேடமிட்டன. 1938 செப்டம்பரில் மும்பையில் இப்படத்துக்கு எதிராகத் தெருப்போராட்டமே நடந்தது. சென்னையிலும் எதிர்ப்பு எழுந்தது. படம் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த ‘கங்கா தின்’ படத்துக்கு வங்காளத்திலும் மும்பையிலும் தடை விழுந்தது. கலிபோர்னியாவின் பாறைகளை இந்தியாவாக்கி எடுத்த படம் அது. ‘பிலிம் இந்தியா’ இதழில் பாபுராவ் படேல் இத்தகைய படங்களுக்கு எதிராக விடாது எழுதினார்.

அவ்வெதிர்ப்பு நியாயமானது என்றே நாம் கருதுகிறோம். அன்று நாடு நம்முடையதாக இல்லை. படம் எடுத்தவனும் ஆண்டவனும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தனர். நமக்குத் திருப்பிச் சொல்லத் திரை இல்லை. பிற்காலப் படங்களுக்கு எழும் எதிர்ப்பை இதனோடு ஒன்றாக வைத்து எண்ணலாகாது.

அதே காலத்தில் சென்னை மாகாணத்தின் தலைமை அமைச்சராக இருந்தவர் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி. சினிமாவின் மீது அவருக்கு எக்காலத்தும் நல்லெண்ணம் இருந்ததில்லை. ஆனால் 1937 முதல் 1939 வரையிலான அந்தக் காங்கிரஸ் ஆட்சியில் தணிக்கைக் கத்தரி ஓய்ந்திருந்தது. கல்கியின் கதையை கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘தியாகபூமி’ அந்த இடைவெளியில்தான், 1939இல், வெளிவந்தது. காங்கிரஸ் அமைச்சரவை விலகிய பிறகு அது தடைசெய்யப்பட்டது. அயலான் படத்துக்குச் சிறந்த மறுமொழி இதுவே: நம் கதையை நாமே சொல்லும் இடைவெளியைத் திறந்துவைத்தல்.

சாபுவின் கதைக்கு ஒரு கசப்பான பின்னுரை உண்டு. மேயோவின் நூலால் விழுந்த கறையைத் துடைக்கவென்றே அந்நூலின் தலைப்பைத் தம் படத்துக்குச் சூட்டினார் மெகபூப் கான். ‘மதர் இந்தியா’ 1957இல் வெளிவந்தது. அதில் பிர்ஜு என்னும் மகன் வேடத்துக்கு முதலில் எண்ணப்பட்டவர் சாபு. அதற்குள் அவர் அமெரிக்கக் குடிமகன். பணி அனுமதி பெறுவதில் சிக்கல் எழ, வேடம் சுனில் தத்துக்குப் போயிற்று. மைசூர்க் காட்டில் பிறந்தவர், இந்தியாவின் மானங்காக்க எடுக்கப்பட்ட படத்தில் அயல்நாட்டவர் என்பதால் நடிக்க இயலவில்லை. 1963இல், நாற்பது வயது நிறையுமுன் அவர் இறந்தார். அவரை நம்மவர் என்பதா, அவர்களவர் என்பதா?

சேலத்தில் முளைத்த மாமத யானைகள்

இக்கேள்வி தமிழ்த்திரைக்குப் புதியதன்று. எம்.ஜி.ஆர். முதன்முதலில் நடித்த ‘சதிலீலாவதி’யை (1936) இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘சகுந்தலை’, ‘மீரா’ ஆகியவையும் அவருடையவை. பாரதிதாசனின் காவியத்தைத் தழுவிய ‘பொன்முடி’, கலைஞர் உரையாடலில் உருவான ‘மந்திரிகுமாரி’ ஆகிய இரண்டையும் 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்காக இயக்கினார். தமிழ் அறியாத ஒருவரின் கையில் தமிழின் இனிய உரையாடல்கள் படமாயின. ‘அயலார் எடுத்த படங்கள்’ என்று பட்டியல் போடுகிறவர்கள் ஏனோ ‘மீரா’வை அதில் சேர்ப்பதில்லை. பிடித்துவிட்டால் அது நம் படம். பிடிக்காவிட்டால்தான் இயக்குநரின் கடவுச்சீட்டைக் கேட்கிறோம்.

அந்நாளில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தின் வட்டங்கள். தருமபுரி மாவட்டம் பிரிந்தது 1965இல். கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004இல். எனவே மாடர்ன் தியேட்டர்ஸ் நம் மாவட்டத்துப் படநிறுவனம் என்று உரிமை கொண்டாட நமக்கு இடமுண்டு. அதன் முதலாளி டி.ஆர். சுந்தரம் அமெரிக்கருடன் கூட்டுச்சேர்ந்து 1952இல் ‘தி ஜங்கிள்’ என்னும் ஆங்கிலப் படத்தைத் தயாரித்தார். தமிழில் அது ‘காடு’. வில்லியம் பெர்க் இயக்கத்தில் ராட் கேமரன், சீசர் ரொமேரோ முதலியோருடன் நம் எம்.என். நம்பியாரும் நடித்தார். இந்தியக் காட்டில் யானைகள் வெறிகொண்டு ஊருக்குள் புகுகின்றன. காரணம் என்ன என்று தேடினால், பனியுகத்து மாமத யானைகள் இன்னும் உயிரோடு உலவுகின்றன! நம் யானைகளுக்கே சடைமயிர் போர்த்தி மாமதங்களாக்கினார்கள்.

இந்தியாவைப் பற்றி இதைவிட அபத்தமான கற்பனையை அயலார் தனியே எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? சேலத்து முதலாளியின் பணம் அதில் இருந்தது. ‘பாம்பும் புலியும் ராஜாவும்’ என்னும் இந்தியாவை விற்றவர்களில் நம்மவர்களும் பங்காளிகள். இதைச் சொல்வது சுந்தரத்தின் பெருமையைக் குறைப்பதற்காக அன்று. அவர் தொழில் தெரிந்தவர். அயலான் பார்வை என்பது எப்போதும் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதற்காகவே சொல்கிறோம்.

யானைகள் ஊருக்குள் வருவதற்கு உண்மையான காரணம் தேன்கனிக்கோட்டையிலும் தளியிலும் உள்ள உழவர்களுக்குத் தெரியும். அது மாமதம் அன்று. துண்டுபட்ட வலசைப்பாதை, காட்டோரம் விளையும் கேழ்வரகு, சாலை, ஆலை. அந்தப் படத்தை எவரும் பெரிய அளவில் எடுக்கவில்லை.

ஒரு தேர்த்திருவிழாவும் ஒரு தடையும்

விடுதலைக்குப் பின் எழுந்த பெரும் சச்சரவு பிரெஞ்சு இயக்குநர் லூயி மாலின் ஆவணப்படத்தைச் சுற்றியது. 1968இன் தொடக்கத்தில் சிறு குழுவோடு அவர் இந்தியாவில் மாதக்கணக்கில் அலைந்து எடுத்ததை ஏழு பகுதிகளாகத் தொகுத்தார். ‘பாண்டம் இந்தியா’ என அறியப்படும் அத்தொடரை 1970இல் பிபிசி ஒளிபரப்பியபோது, வறுமையையே காட்டுகிறது என்று இந்திய அரசு கடுஞ்சினங்கொண்டது. பிபிசி ஒளிபரப்பை நிறுத்தவில்லை. தில்லியில் இருந்த அதன் அலுவலகம் மூடப்பட்டது.

அத்தொடரின் ஒரு பகுதி முழுக்கச் சென்னையைப் பற்றியது. தேர்த்திருவிழா, கலாக்ஷேத்திராவில் பயிலும் பெண்கள், சோவின் அரசியல் நையாண்டி எல்லாம் அதில் உண்டு. படப்பிடிப்புத்தளம் ஒன்றில் ‘தில்லானா மோகனாம்பாள்’ உருவாகும் காட்சியும் உண்டு. சிவாஜியும் பத்மினியும் ஒரு காட்சிக்கு ஆயத்தமாவதை வண்ணத்தில், அருகிலிருந்து காட்டும் அந்தத் துண்டைத் தமிழ்த்திரை அன்பர்கள் இன்று புதையலைப்போலப் போற்றுகின்றனர். நம் திரைப்படங்களின் மூலப்படிகளையே பேணிக்காக்காத நாம், நம் கலைஞர்கள் தளத்தில் எப்படி இயங்கினர் என்பதைக் காண ஒரு பிரெஞ்சுக்காரரின் படத்துக்குக் கடன்பட்டிருக்கிறோம். அதே படம் இந்தியாவை இழிவுபடுத்தியது என்று ஒரு செய்தி நிறுவனத்தின் கதவைச் சாத்தியவர்களும் நாமே.

மாலின் பார்வையில் குறையே இல்லை என்பதல்ல. தமக்குப் புரியாதவற்றைப் புரியாதவையாகவே விட்டு, தம் ஐயங்களைத் தாமே பின்னணியில் பேசிக்கொண்டு போகிறார். அது நேர்மை, சிலபோது சோம்பலும்கூட. இவை விமரிசனத்துக்குரியவை. அலுவலகத்தை மூடுவது விமரிசனமாகாது.

வேடமிடும் பாறைகள்

ஓசூரிலிருந்து மேற்கே போனால் ராமநகரத்துப் பாறைகள் வரும். 1975இல் வெளிவந்த ‘ஷோலே’ அங்கே எடுக்கப்பட்டது. 1983-84இல் டேவிட் லீன் ‘எ பாசேஜ் டு இந்தியா’ படத்துக்காகப் பெங்களூரில் சந்திரப்பூர்க் கடைத்தெருவை அமைத்தார். மராபார்க் குகைகளுக்குச் சாவனதுர்க்கத்தையும் ராமதேவர் பெட்டாவையும் தேர்ந்தார். பார்ஸ்டரின் நாவலுக்கு மூலமான பராபர்க் குகைகள் பீகாரில் இருக்கின்றன; அவை லீனின் திரைக்குப் போதிய எடுப்பாக இல்லை. இங்கே பாறையில் குகைவாயில்கள் புதிதாகச் செதுக்கப்பட்டன. இந்திய அந்தணர் கோட்போலேயாக ஆங்கில நடிகர் அலெக் கின்னஸ் சாயம்பூசி நடித்தார். அது அன்றே கண்டிக்கப்பட்டது, இன்றும் கண்ணை உறுத்துகிறது.

நடிகர் சாயம் பூசினால் தெரிகிறது. பாறை பூசிக்கொண்டால் தெரிவதில்லை. லீனின் படத்தில் அப்பாறை பீகார். ‘ஷோலே’யில் அது வடநாட்டு ராம்கட், அங்கே எவரும் கன்னடம் பேசுவதில்லை. மண்ணின் மொழியை அழித்துவிட்டு மண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளும் வேலையை ஆங்கிலேயர் செய்தால் பேரரசின் பார்வை என்கிறோம். மும்பைக்காரர் செய்தால் காவியம் என்கிறோம். கிருஷ்ணகிரியிலிருந்து கருங்கல் பாளங்கள் அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. அங்கே மெருகேறி எவர் வீட்டுத் தரையாகவோ ஆகும்போது அவற்றுக்கும் ஊர்ப்பெயர் இருப்பதில்லை.

1984இல் வெளிவந்த ‘இந்தியானா ஜோன்ஸ்’ வரிசையின் இரண்டாம் படத்துக்கு இந்தியாவில் எடுக்க அனுமதி கைகூடவில்லை. கண்டியருகே எடுத்தார்கள். விளைவு, அந்த ‘இந்திய’ கிராமத்தார் சிங்களம் பேசுகின்றனர். விருந்தில் குரங்கின் மூளை பரிமாறப்படுகிறது. இந்தியாவில் சிறிது காலம் படத்துக்குத் தடை. அதே ஈராண்டுக்குள் நாம் மறுமுனையில் நின்று கொண்டாடியதும் உண்டு. அட்டன்பரோவின் ‘காந்தி’ 1982இல் வந்து, 1983இல் எட்டு ஆஸ்கார்களைப் பெற்றது. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பணம் அதில் இருந்தது. அயலாருக்கு ஏன் இந்தியப் பணம் என்று இந்தியத் திரைக்கலைஞர் பலர் அப்போது வினவினர். விருது வந்ததும் அந்த வினா அடங்கிற்று.

ஆனால் அப்படத்தில் அம்பேத்கர் இல்லை. காந்தியடிகளின் மனச்சான்றைக் காப்பவர் எனப்பட்டவரும் அவருடைய சம்பந்தியுமான தொரப்பள்ளிக்காரருக்கு அதில் குறிப்பிடத்தக்க இடமே இல்லை. குரங்கு மூளையைக் கண்டு புண்பட்ட மானம், இந்த விடுபாடுகளைக் கண்டு புண்படவில்லை. இல்லாததைக் காட்டினால் கோபம் வருகிறது. இருப்பதை விட்டுவிட்டால் வருவதில்லை, படம் நம்மைப் புகழுமானால்.

விருதுக்குப் பின்

2009 பிப்ரவரியில் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ எட்டு ஆஸ்கார்களை வென்றது. சில வாரங்களுக்கு முன்புதான் அதன் தலைப்பில் உள்ள ‘நாய்’ என்னும் சொல்லுக்காகப் பாட்னாவில் ஆர்ப்பாட்டம் நடந்திருந்தது. நாட்டின் வறுமையை விற்கிறார்கள் என்னும் பேச்சும் ஓய்ந்திருக்கவில்லை. ஏ.ஆர். ரகுமான் இரு விருதுகளை ஏந்தி அம்மேடையில் தமிழில் இறைவனைப் புகழ்ந்ததும் பேச்சு மாறிற்று. அந்த இசை உயர்ந்தது என்பதற்கு அந்த மேடை தேவைப்பட்டதா? அவர் அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே ‘ரோஜா’வைத் தந்துவிட்டிருந்தார்.

2015இல் ‘இந்தியாஸ் டாட்டர்’ ஆவணப்படத்தை ஒளிபரப்பத் தடை வந்தபோது அதே பழைய வாதம் திரும்பிற்று. தில்லிப் பேருந்தில் நடந்த கொடுமையைக் காட்டுவது நாட்டுக்கு இழுக்காம். இழுக்கு பேருந்தில் நிகழ்ந்தது, படத்தில் அல்ல. அதே ஆண்டு, பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓதியாரின் ‘தீபன்’ கான் விழாவின் தலைமைப் பரிசைப் பெற்றது. ஈழத்து அகதியாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. உரையாடலில் பெரும்பகுதி தமிழ். அகதித் தமிழரின் பாரீசைக் காட்டத் தமிழ்த்திரைக்கு நேரம் கிடைக்காதபோது அயலார் ஒருவர் காட்டினார். அதில் குறை உண்டென்றால், அந்தக் குறையை நிறைவுசெய்யும் படம் எங்கே?

2023இல் ‘தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்’ ஆஸ்கார் பெற்றது. கார்த்திகி கொன்சால்வ்ஸ் இயக்கியது. எனவே இந்தியப் படம். உலகுக்குக் காட்டியது அமெரிக்க நிறுவனம். முதுமலையில் வளரும் அதன் நாயகன் ரகு என்னும் யானைக்குட்டி, 2017இல் நம் தேன்கனிக்கோட்டைப் பகுதியில் தாயைப் பிரிந்து மீட்கப்பட்டவன். ‘நம் மாவட்டத்து யானை ஆஸ்கார் பெற்றது’ என்று இங்கே மகிழ்ந்தார்கள். மகிழலாம், தவறில்லை. ஆனால் அந்தக் குட்டி ஏன் தாயின்றித் தனித்து நின்றது என்பதே நம் மாவட்டத்தின் பங்கு. அக்கேள்வியைக் கேட்க விருது தேவையில்லை.

தொட்டிலும் கேமராவும்

நம் குறையை நாமே சொன்ன ஒரு சமயத்தை இங்கே நினைவுகூர வேண்டும். 1992இல் சேலம் மாவட்டத்தில் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2001இல் அது, கிருஷ்ணகிரியும் உள்ளடங்கியிருந்த அன்றைய தருமபுரி மாவட்டம் உள்ளிட்ட பகுதிகளுக்கு விரிந்தது. பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று ஓர் அரசு ஊரறியத் தொட்டில் கட்டியது. அத்திட்டத்தின் மீதும் விமரிசனம் உண்டு. பெற்றோரின் பொறுப்பை அது கழற்றிவிடுகிறது என்றனர். ஆயினும் நடப்பதை நடப்பதாக ஒப்புக்கொண்ட அறிவிப்பு அது.

அந்தத் தொட்டிலை அன்று அயல்நாட்டார் ஒருவர் படமெடுத்து உலகுக்குக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று எண்ணிப்பார்க்க வேண்டும். ‘தமிழ்ப்பண்பாட்டை இழிவுபடுத்துகிறார்கள்’ என்று ஒரு கண்டனக் கூட்டமேனும் நடந்திருக்கும். குழந்தை இறந்ததற்காக நடந்த கூட்டங்களைவிட அது பெரிதாகவும் இருந்திருக்கும். மானம் என்னும் சொல்லுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே தந்திருக்கிறார். அங்கே அது தாழ்ந்தது செய்யாமல் இருப்பது. தாழ்ந்தது வெளியே தெரியாமல் இருப்பதன்று. நாம் அச்சொல்லின் பொருளைச் சத்தமின்றி மாற்றிவிட்டோம்.

தொழிலில் நமக்கு இந்தக் கூச்சம் இல்லை. 1980இல் ஓசூரில் ஆலை தொடங்கிய அசோக் லேலண்டின் பெயரில் பாதி, நிறுவனரின் மகன் பெயர். பாதி, இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். டி.வி.எஸ். நிறுவனம் ஜப்பானியரோடு கூட்டுச்சேர்ந்து 1984 முதல் இங்கே மோட்டார் சைக்கிள் செய்தது. 2001இல் பிரிந்து தன்காலில் நின்றது. கற்றுக்கொண்டோம், கூட்டுச்சேர்ந்தோம், பிரிந்தோம், சொந்தமாகச் செய்தோம். அயலான் வண்டியைக் கண்டித்து ஊர்வலம் போகவில்லை; அதைவிட நல்ல வண்டி செய்தோம். படத்தில் மட்டும் ஏன் இந்த வழி தோன்றவில்லை?

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓசூர் ஒரு தொழில்நகரம். ஊர் ஊராக இளைஞர்கள் இங்கே வந்து குடியேறினர். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தோர் இன்று ஆலைவாயில்களில் நிற்கின்றனர். விடுதிகளில் தங்கி மின்னணு ஆலைகளில் வேலைசெய்யும் பெண்கள் இருக்கின்றனர். கல்லுடைத்துக் கையுதிர்ந்தோர் இருக்கின்றனர். எங்கள் வகுப்பறைகளில் வீட்டில் தெலுங்கும் தெருவில் கன்னடமும் தேர்வில் தமிழும் எழுதும் மாணவர் இருக்கின்றனர். இவர்களுடைய வாழ்வை நாவலாகவோ படமாகவோ ஆக்கியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஜவளகிரிக் காட்டையும் அஞ்செட்டியையும் ஆங்கில வாசகருக்கு அறியவைத்தவர் பெங்களூர் வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன். அவருடைய முதல் நூல் வந்தது 1954இல். அதற்குப் பிறகு அக்காட்டுக் கிராமங்களைப் பற்றி நாம் எவ்வளவு எழுதினோம்?

நாளை ஓர் அயல்நாட்டார் ஓசூர் வந்து ஓர் ஆவணப்படம் எடுக்கக்கூடும். சிப்காட் வாயிலில் விடியற்காலை வரிசையையும், காய்ந்த ஏரியையும், காட்டோர மின்வேலியையும் அவர் காட்டக்கூடும். அன்று இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுக்கொள்வோம். காட்டியது உண்மையா? உண்மையெனில் அதை நாம் முன்பே சொல்லியிருந்தோமா? முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்பது விடையானால் ஆதாரத்தோடு மறுத்து எழுதுவோம். அதற்குத் தடை தேவையில்லை, உழைப்பு தேவை. இரண்டாவதற்கும் ‘இல்லை’ என்பதே விடையானால் அங்கே புண்படவேண்டியது நம் மானம்தான். ஆனால் அதைப் புண்படுத்தியவர் அந்த அயல்நாட்டார் அல்லர்.